கடல் நடுவுல ஒரு இட்லி!

ஒரு சின்ன கற்பனை பண்ணிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். 15 மாடிக் கப்பல். மேல்தளத்தில் நீச்சல் குளம், பக்கத்திலேயே ஐஸ்க்ரீம் மெஷின், ராத்திரி 12 மணிக்குப் போனாலும் சுடச்சுட பீட்சா. ஒரு கல்யாண மண்டபத்துக்கே போதுற அளவு பஃபே. அத்தனைக்கும் நடுவுல உங்க பெரியம்மா ஒரே ஒரு வாழைப்பழத்தை உரிச்சுக்கிட்டு, "எனக்கு இது போதும்டா"ன்னு சொல்றாங்க.

எப்படி இருக்கும் உங்களுக்கு? எனக்கு அப்படி ஒரு ராத்திரி வாய்ச்சுது. அதுக்குக் காரணமும் அடியேன்தான்!

போன டிசம்பர் செமஸ்டர் லீவுல நடந்த கதை இது. பெங்களூர்ல வேலை பார்க்கிற பெரியம்மா பொண்ணு, அதாவது என் அக்கா, போனஸ் பணத்துல அம்மாவைக் கப்பல்ல கூட்டிட்டுப் போகணும்னு ஆசைப்பட்டா. துணைக்கு நான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கணும். மொத்தம் 4 ராத்திரி. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரா ஃப்ளைட் இருக்கிறதால, பெரியம்மாவும் ஒருவழியா "சரி"ன்னுட்டாங்க.

எங்க மூணு பேர் ஜாதகத்தைச் சொல்லிடறேன். பெரியம்மா சுத்த சைவம். முட்டை போட்ட கேக் இருக்கிற தட்டைக்கூட தள்ளி வைப்பாங்க. நானும் சைவம்தான் (ஹாஸ்டல் ஆம்லெட் கணக்குல வராது!). அக்கா ரெண்டு வருஷமா வீகன். அதாவது கறி, மீன், முட்டையோட நிக்காம பால், தயிர், நெய், பனீர், தேன் எதுவுமே கிடையாது. 1944-ல் இங்கிலாந்தில் பிறந்த வார்த்தை இந்த 'வீகன்'. எங்க பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர 80 வருஷம் ஆச்சு. வந்ததும் முதல் வேலையா அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல சுவர் எழுப்பிடுச்சு.

"நான் பிசைஞ்சு கொடுத்த தயிர் சாதத்தை வேண்டாம்னு தள்ளிட்டாடா..." பெரியம்மாவுக்கு அந்த ஒரு வருத்தம்தான். அதுக்கப்புறம் அக்கா ஊருக்கு வந்தா தனியா ஓட்ஸ் காய்ச்சிக் குடிப்பா. பெரியம்மா தனியா சாப்பிடுவாங்க. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கல. ஆனா சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டும் ரெண்டு வருஷம் ஆச்சு. கப்பல்லயாவது ஒரே மேஜையில உட்காருவாங்கங்கிறதுதான் அக்காவோட ரகசிய ஆசை.

புளியோதரைக்குத் தடா!

பெரியம்மா கப்பலை நம்பல. ஒரு டப்பா நிறைய புளியோதரையோட வந்துட்டாங்க. ஆனா வீட்டுல சமைச்சதைக் கப்பலுக்குள்ள கொண்டுபோகப் பொதுவா விடமாட்டாங்க. சீல் பிரிக்காத பாக்கெட் நொறுக்குத்தீனி ஓகே. "சரி, குட்டி ரைஸ் குக்கர் ஒண்ணு எடுத்துட்டுப் போய் ரூம்லயே வடிச்சுக்கலாமே"ன்னு ஐடியா பண்றீங்களா? அதுவும் நடக்காது. ரைஸ் குக்கர், கெட்டில், தண்ணி சுட வைக்கிற காயில் எல்லாத்தையும் செக்கிங்கிலேயே வாங்கி வச்சுக்குவாங்க. நடுக்கடல்ல தீ பிடிச்சா தப்பிச்சு ஓட இடமில்லையே!

அதனால டெர்மினல் வாசல்ல ஒரு பெஞ்சில உட்கார்ந்து டப்பாவைக் காலி பண்ணினோம். அக்கா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டா. பெரியம்மா அதைப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல.

'வெஜ்'னா என்ன பாஸ்?

இப்ப நான் பண்ணின தப்புக்கு வர்றேன். டிக்கெட் புக் பண்ணினது நான். 'உணவில் ஏதேனும் விசேஷத் தேவை உண்டா?'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. மூணு பேருக்கும் ஒரே வார்த்தை போட்டேன். 'வெஜ்'. அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது!

நம்ம ஊர்ல அது போதும். பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருந்தா முட்டைகூட இருக்காதுன்னு சட்டமே இருக்கு. அதே 'வெஜ்' கடல் தாண்டினா வேற அர்த்தம். மேல்நாட்டுக் கணக்குல முட்டை, பால், சீஸ் எல்லாமே வெஜிடேரியன்தான். மெனு கார்டுல ஒரு குட்டி இலைப் படமோ 'வி' எழுத்தோ இருந்தா, 'இதுல கறியும் மீனும் இல்லை'ங்கிறது மட்டும்தான் உறுதி.

விமானத்துல இந்தக் குழப்பம் கம்மி. 'ஏ.வி.எம்.எல்.'னு போட்டா நம்ம ஊர் ஸ்டைல் சைவம். 'வி.ஜி.எம்.எல்.'னா வீகன். 'வி.எல்.எம்.எல்.'னா பால், முட்டை உண்டு. 'வி.ஜே.எம்.எல்.'னா வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாத ஜைன சாப்பாடு. கப்பலுக்குக் கப்பல் அடையாளமும் மாறும், அர்த்தமும் மாறும்.

முதல் ராத்திரி டின்னர். வெள்ளைத் துணி விரிச்ச மேஜை, ஆளுக்கு மூணு ஃபோர்க். இலைப் படம் போட்ட பாஸ்தா வந்துச்சு. "இதுல என்னடா போட்டிருக்கான்? அந்தப் பையனைக் கேளேன்"னாங்க பெரியம்மா. பக்கத்து மேஜையில கோட்டு சூட்டோட ஒரு குடும்பம். எனக்குக் கூச்சமா இருந்துச்சு. "வெஜ்னு போட்டிருக்கு பெரியம்மா, சாப்பிடுங்க. சும்மா எல்லாத்தையும் நோண்டிக் கேட்டா நல்லா இருக்காது"ன்னு கிசுகிசுத்தேன்.

ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பாங்க. அக்காவுக்கு சாலட் கொண்டுவந்த வெயிட்டர்கிட்ட அவ சாதாரணமா விசாரிச்சா. "பாஸ்தாவா? இங்கேயே பிசையறது மேடம். மைதாவும் முட்டையும்."

பெரியம்மா ஃபோர்க்கைக் கீழே வச்சாங்க. திட்டல. எழுந்து போகவும் இல்ல. தண்ணி குடிச்சாங்க. அப்புறம்தான் அந்த வாழைப்பழம். அக்கா அன்னிக்கு சாலட்டும் காய்ஞ்ச பிரெட்டும் சாப்பிட்டா. ரூமுக்குத் திரும்பினதும் பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. ஜன்னலுக்கு வெளிய கடல் சூப்பராத்தான் இருந்துச்சு. யார் பார்த்தது?

என் கூச்சத்துக்காக அவங்க வாயை அடைச்சேன் பாருங்க... அது இன்னிக்கும் உறுத்துது.

காகிதத்தோட வந்த மனுஷர்

மறுநாள் காலை டிபன் நேரத்துல ஹெட் வெயிட்டர் எங்க மேஜைக்கு வந்தார். கோவாக்காரர், 50 வயசு இருக்கும். முதல் நாள் விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கு. கையில ஒரு காகிதம், பேனா.

"வெஜ்னு சொல்லாதீங்க. எதெல்லாம் வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். அப்புறம் வரிசையா கேள்வி. முட்டை? பால்? வெண்ணெய்? வெங்காயம், பூண்டு? தேன்? மீன் பொரிச்ச எண்ணெயில உருளைக்கிழங்கு பொரிச்சா பரவாயில்லையா? பெரியம்மாவுக்கு நான் தமிழ்ல சொன்னேன், அவங்க பதிலை அவருக்குச் சொன்னேன். பெரியம்மா முகத்துல மெதுவா ஒரு தெளிவு. இப்படி உட்கார வச்சு அவங்களை யாரும் கேட்டதே இல்லை போல!

அடுத்து அக்கா. அவ சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கிட்டே போனார். பால் இல்ல, தயிர் இல்ல, நெய் இல்ல, பனீர் இல்ல, தேன் இல்ல... பெரியம்மாவால பொறுக்க முடியல.

"அப்ப நீ என்னதான்டி சாப்பிடுவே?"

கோபமாத்தான் கேட்டாங்க. ஆனா ரெண்டு வருஷத்துல முதல் தடவையா கேட்டாங்க. அக்கா கொஞ்ச நேரம் அவங்களையே பார்த்தா.

"நீ பண்ற புளியோதரை சாப்பிடுவேம்மா. இட்லி, அடை, ரசம், வத்தக்குழம்பு, சுண்டல், வாழைக்காய் பொரியல், எலுமிச்சை சாதம்... எல்லாம் சாப்பிடுவேன். நெய் மட்டும் ஊத்தாதே. தயிர் மட்டும் வேண்டாம். நீ கேட்கவே இல்லையே."

"நீ சொல்லவே இல்லையேடி!"

ஹெட் வெயிட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் காகிதத்தைப் பார்க்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டார். பெரிய மனுஷர்!

போறப்ப அவர் சொன்ன ஒரு விஷயத்தை நோட் பண்ணிக்குங்க. "தினமும் டின்னர் முடிஞ்சதும் நாளைய மெனுவைக் கொண்டுவர்றேன். என்ன வேணும்னு இன்னிக்கே சொல்லிட்டா தனியா செஞ்சு தருவோம்." பெரும்பாலான பெரிய கப்பல்ல இந்த வசதி உண்டு. கேட்கிறவங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

ஏன் முன்னாடியே சொல்லணும்?

கப்பல் கிச்சன் ஒரு தனி உலகம். அரிசி, காய்கறியிலிருந்து உப்பு வரைக்கும் கிளம்புற துறைமுகத்துலதான் பெரும்பாலும் ஏத்துவாங்க. நடுக்கடல்ல சோயா பால் தீர்ந்துபோச்சுன்னா தெருமுனைக் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது! அதனாலதான் டிக்கெட் எடுக்கும்போதே, இல்லேன்னா சில வாரங்களுக்கு முன்னாடியாவது எழுதிச் சொல்லச் சொல்றாங்க. ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான பேருக்கு சமையல் நடக்கும். பெரும்பாலும் மின்சார அடுப்புதான், நம்ம வீட்டு மாதிரி திறந்த நெருப்பு அபூர்வம். அந்த அவசரத்துல "இதுல முட்டை இல்லாம ஒண்ணு"ன்னு கடைசி நிமிஷத்துல கேட்டா, பாவம், அவங்களால சாலட்தான் கொடுக்க முடியும்.

பஃபேயில் இன்னும் உஷார். இந்தியன் கவுன்டர்ல பெரியம்மாவுக்குக் கவலை இல்லை. ஆனா அக்காவுக்கு அங்கேதான் ஆபத்து! நானில் தயிர், பருப்பில் வெண்ணெய், கிரேவியில் க்ரீம். அதே நேரம் அக்கா தைரியமா எடுக்கிற சில அயிட்டம் பெரியம்மாவுக்கு ஆகாது, பூண்டு வாசனை பிடிக்காது. பக்கத்துப் பாத்திரத்துக் கரண்டி இங்கே வந்திருக்கான்னு வேற பார்க்கணும்.

கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்கிற ஆசாமிகளும் உண்டு. காய்கறி சூப்புக்குக் கோழி வேகவெச்ச தண்ணி. சீன ஸ்டைல் கீரையில ஆய்ஸ்டர் சாஸ், அதாவது சிப்பி. (காளான்ல செய்யற சைவ சாஸும் இருக்கு, கேட்டா மாத்தித் தருவாங்க.) சீசர் சாலட்ல நெத்திலி மாதிரி ஒரு மீன். புட்டிங், மூஸ், ஜெல்லியில மாட்டு எலும்பு, தோல்லருந்து வர்ற ஜெலட்டின். அசல் பார்மெஸான் சீஸ்ல பாலை உறைய வைக்கிறதுக்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட். இதைக் கேட்டதும் பெரியம்மா சீஸ் பக்கமே திரும்பல. அன்னியிலிருந்து பொண்ணோட கொள்கைக்கு முதல் ஓட்டு விழுந்தாச்சு!

பினாங்கும் புக்கெட்டும்

ரெண்டாம் நாள் மத்தியானம் பினாங்கு. கப்பல் நிக்கிற ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து நடந்தே லிட்டில் இந்தியா போயிடலாம். பூக்கடை, புடவைக்கடை, ஸ்பீக்கர்ல தமிழ்ப் பாட்டு... பெரியம்மா நடையே மாறிடுச்சு! 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனுக்குள்ளதான் இது இருக்கு. குவீன் தெருவில் 1833-ல் கட்டின மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுட்டு, ஒரு சைவ ஓட்டல்ல வாழையிலைச் சாப்பாடு.

ஆனா இங்கேயும் ஒரு பாடம். மலாய்க்காரங்களோட நாசி லெமாக் தேங்காய்ப்பால்ல வேகவெச்ச சோறு. பேரைக் கேட்டதும் நம்ம தேங்காய் சாதம்தானேன்னு கை நீளும். கூடவே வர்ற சம்பல்ல 'பெலாச்சான்'னு ஒண்ணு கலந்திருக்கும். இறாலை உப்புப் போட்டுப் புளிக்க வச்ச விழுது அது. பார்த்தா சாதாரண மிளகாய்ச் சட்னி மாதிரியே இருக்கும்! இந்தத் தடவை நானே கடைக்காரரைக் கேட்டேன். அவர் ஒண்ணும் கோவிச்சுக்கல. "இதுல இருக்கு, அதுல இல்ல"ன்னு தமிழ்லயே சொன்னார். இதுக்காகவா முதல் நாள் அப்படிக் கூச்சப்பட்டேன்?

மூணாம் நாள் புக்கெட். எங்க கப்பல் கரை வரைக்கும் போகல. கடல்ல நங்கூரம் போட்டுட்டு, சின்னப் படகுல கொண்டு விட்டாங்க. தாய்லாந்து சமையல்ல மீன் சாஸ் நம்ம உப்பு மாதிரி, எதுல வேணா விழும். ஆனா சைவக்காரங்களுக்கு இங்கே ஒரு மந்திரச் சொல் உண்டு. 'ஜே'. மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்துல எழுதித் தொங்கவிட்டிருப்பாங்க. இதுக்கு சீன வம்சாவளி மக்களோட விரதம்தான் மூலம். சீனக் காலண்டர்ல ஒன்பதாம் மாசம், நம்ம கணக்குல செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்குல, 9 நாள் சைவத் திருவிழாவே நடத்தறாங்க புக்கெட்ல. 'ஜே'ன்னா கறி, மீன் மட்டுமல்ல, முட்டை, பால்கூட கிடையாது. வெங்காயம், பூண்டும் கிடையாது!

நாங்க போனப்போ திருவிழா சீசன் இல்ல. ஆனாலும் அந்த மஞ்சள் பலகை போட்ட ஒரு சின்னக் கடை கிடைச்சுது. நூடுல்ஸ், டோஃபு, காளான். பெரியம்மாவுக்குப் பூண்டு இல்ல. அக்காவுக்குப் பால் இல்ல. பெரியம்மா விவரம் கேட்டுட்டு சொன்னாங்க பாருங்க, "நம்ம ஊர் சைவத்தைவிட இவன் சைவம் பெருசா இருக்கேடா!"

அந்த இட்லி

நாலாம் நாள் முழுக்கக் கடல். கரையே தெரியாது. முந்தின ராத்திரி மெனு கொண்டுவந்த ஹெட் வெயிட்டர்கிட்ட பெரியம்மாவே நேரா பேசினாங்க. நான் இடையில போகல. "இட்லி. சாம்பார். நோ நெய். டூ பேர்." அவரும் சீரியஸா எழுதிக்கிட்டார்.

காலையில வந்துச்சு. நேர்மையா சொல்லணும்னா, இட்லி கொஞ்சம் கெட்டி. சாம்பார்ல லேசா தித்திப்பு. திருச்சியில இதைக் கொடுத்திருந்தா பெரியம்மா ஓட்டல்காரரைக் கூப்பிட்டு ஒரு கிளாஸே எடுத்திருப்பாங்க! அன்னிக்கு ஒண்ணுமே சொல்லல. முதல் இட்லியைப் பிட்டு வாயில போட்டுட்டு, தன் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்து அக்கா தட்டுல வச்சாங்க. "சாப்பிடு, இளைச்சுப் போயிட்டே."

அக்கா குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டே இருந்தா. கண்ணைத் துடைச்சுக்கிட்டா மாதிரி இருந்துச்சு. நான் ஐஸ்க்ரீம் எடுக்கப் போறேன்னு எழுந்து போயிட்டேன். காலை 8 மணிக்கு யாராவது ஐஸ்க்ரீம் சாப்பிடுவாங்களா? சாப்பிட்டேன்!

இப்ப நிலைமை என்னன்னா, பொங்கலுக்கு அக்கா ஊருக்கு வந்தப்போ பெரியம்மா முந்திரியைத் தேங்காய் எண்ணெயில வறுத்து, தேங்காய்ப்பால் ஊத்தி ஒரு தனிச் சர்க்கரைப் பொங்கல் வச்சாங்க. "சுமாராத்தான் வந்திருக்கு"ன்னாங்க. அக்கா மூணு தடவை வாங்கிக்கிட்டா. தயிர் சாதம் விஷயத்துல மட்டும் இன்னும் சமாதானம் ஆகல. ஆனா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உட்கார்ந்து சாப்பிடறாங்க.

நீங்க கிளம்பறதா இருந்தா...

இந்தியாவில் கப்பல் டூர் புதுசு இல்ல. 2005-லேயே மும்பையிலிருந்து ஸ்டார் க்ரூஸஸ் கப்பல் விட்டுப் பார்த்தாங்க. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கார்டீலியாவின் எம்ப்ரஸ் கப்பல் கிளம்புச்சு. இந்தியப் பயணிகளுக்கான கப்பல்ங்கிறதால சைவம், ஜைனம் ரெண்டும் அதுல உண்டு. மேல்நாட்டுல வீகன்களுக்கென்றே குரூப் சேர்த்து 2004-லிருந்து கப்பல் டூர் நடத்தியிருக்காங்க. 2017-ல் ஓஷியானியா நிறுவனம் பால், முட்டைகூட இல்லாத தாவர உணவுக்கென்றே தனி மெனு கொண்டுவந்துச்சு. ஆக, கப்பல் ஏறினா பட்டினிங்கிற பயம் வேண்டாம். நம்ம பங்குக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்:

* டிக்கெட் எடுக்கும்போதே ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதுங்க. 'வெஜ்'னு ஒரு வார்த்தை போதாது. முட்டை, பால், வெங்காயம், பூண்டு... வேண்டாததை எல்லாம் பேர் சொல்லி எழுதுங்க.

* ஏறின அன்னிக்கே டைனிங் ஹாலுக்குப் போய் ஹெட் வெயிட்டரைப் பார்த்துடுங்க. புக்கிங்ல எழுதினது அவர் கையில இருக்கான்னு கேளுங்க.

* மறுநாள் சாப்பாட்டை முந்தின ராத்திரியே சொல்லிடுங்க.

* பருப்புப் பொடி, ஊறுகாய், தட்டை, முறுக்கு எல்லாம் கடையில வாங்கின சீல் பாக்கெட்டா எடுத்துக்குங்க. கப்பல் பழத்தைப் பையில போட்டுக்கிட்டுக் கரையில இறங்காதீங்க. பல நாட்டுல அதுக்கு அபராதம் உண்டு.

* சூப், சாஸ், ஸ்வீட், பொரிச்ச எண்ணெய். இந்த நாலையும் கேட்காம வாயில வைக்காதீங்க.

கடைசியா ஒண்ணே ஒண்ணு ஃப்ரெண்ட்ஸ். உங்க கூட வர்ற அம்மாவோ, பாட்டியோ, பெரியம்மாவோ "இதுல என்ன போட்டிருக்கான்னு கேளுடா"ன்னு சொன்னா, பக்கத்து மேஜையைப் பார்க்காதீங்க. கேட்டுடுங்க!